அன்றைக்கு மட்டும் உடையவில்லை

சமையல் கெட்டுப்போனதால் முகம் வாடியவர்களை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். நன்றாக வந்ததால் வெலவெலத்துப்போன ஒரு மனிதரைப் பற்றி இன்றைக்குச் சொல்கிறேன். இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இது குளிர் பிடித்த கதை.

குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அவருக்கு லிஃப்டுக்காரர் என்று பெயர். காலமெல்லாம் லிஃப்டு பழுதுபார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, மகனும் மருமகளும் வேலைக்குப் போகிற அந்த வீட்டில் அடுப்படி அவர் கைக்கு வந்தது. யாரும் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். சும்மா உட்கார்ந்திருந்தால் விரல்கள் தாமாகவே மேசையில் திருகாணி முடுக்கும். அப்படிப்பட்ட கை அவருக்கு.

மருமகள் வேலை பார்த்தது பர்கர் தொழிற்சாலையில். இறைச்சி சேராத பர்கர். பட்டாணி மாவையும் காய்கறியையும் பிசைந்து வட்டமாக அச்சடித்து, கல் மாதிரி உறையவைத்து அனுப்புவார்கள். அங்கே இரண்டு வரிசை ஓடியது. ஒரு வரிசையில் வட்டம் உடையாமல் இருக்க முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்ப்பார்கள். இன்னொன்றில் முட்டையே கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு பசை. அது சூட்டில் இறுகும், ஆறினால் இளகிவிடும். மருமகள் நின்றது முட்டையில்லாத வரிசையில். அவளை அங்கேதான் நிறுத்த முடியும்.

முட்டை அவளுக்கு ஆகாது. வயிற்றைப் புரட்டுகிற, தோலில் தடிப்பு போடுகிற ஆகாது இல்லை இது. கல்யாணமான புதிதில், கூட வேலை செய்தவளின் பிறந்தநாளுக்கு வெட்டிய கேக்கில் ஒரு துணுக்கைத் தெரியாமல் வாயில் போட்டுவிட்டாள். உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு விசிலடித்தது. அவள் புருஷன் அவளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். "பொழச்சிட்டாங்க. ஆனா அடுத்த தடவ இதவிட வேகமா வரும்" என்று டாக்டர் சொன்னார். தொடையில் குத்துகிற ஊசி இரண்டைக் கொடுத்தார். பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். ஒன்று தொழிற்சாலையில் அவள் லாக்கருக்குப் போனது. இன்னொன்றை ஒரு நீலப் பெட்டியில் போட்டு ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்தார்கள். அந்த வீட்டில் சாவியைத் தேடுவார்கள், மூக்குக்கண்ணாடியைத் தேடுவார்கள். நீலப் பெட்டியை மட்டும் யாரும் தேடியதில்லை. அதன் இடம் அது.

அச்சில் நசுங்கிய, ஓரம் கோணிய வட்டங்களைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை முறுக்கி, ஒரு கம்பியால் கட்டிக் கொடுப்பார்கள். பச்சைக் கம்பி என்றால் முட்டையில்லாதது. மஞ்சள் கம்பி என்றால் முட்டை சேர்த்தது. பையில் எழுத்து எதுவும் இருக்காது. உள்ளே இருப்பதும் பார்வைக்கு ஒரே பழுப்பு, ஒரே வட்டம்.

அப்படி வந்த பச்சைக் கம்பிப் பைகளோடுதான் லிஃப்டுக்காரர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முதலில் வெளியே எடுத்து இளகவைத்துப் போட்டார். வாணலியில் விழுந்ததும் சேறாகிவிட்டது. அடுத்த தடவை தீயைக் கூட்டினார். வெளியே கரி, நடுவில் பனிக்கட்டி. சீக்கிரம் வேகட்டும் என்று கரண்டியால் அமுக்கினார். நாலாகப் பிளந்தது. பிள்ளை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா?

"அப்பா, இதுக்கு பன் எதுக்கு? ஆளுக்கு ஒரு ஸ்பூன் குடுங்க, போதும்."

"நீங்க பேசாம சாப்பிடுங்க" என்பாள் மருமகள். "மாமா, ருசியா இருக்கு. வயித்துக்குள்ள போனா எப்படியும் முழுசா இருக்கப் போறதில்ல."

"இல்லம்மா. ஒரு கட்டடத்தையே மேலயும் கீழயும் ஏத்தி இறக்கினவன் நான். இத்துனூண்டு வட்டத்தத் திருப்பிப் போட வரலையே."

"எங்க லைன் சரக்கு அப்படித்தான் மாமா. யாரு சுட்டாலும் ஓரம் பிட்டுக்கும்."

தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். லிஃப்டில் பழுது தேடுவதுபோல ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். ஃபிரீசரிலிருந்து நேராக வாணலிக்கு, நடுத்தரத் தீ, மெல்லிய எண்ணெய். போட்டதும் மூடிவிட வேண்டும், தொடவே கூடாது. ஓரம் பளபளப்பது தெரிந்த பிறகு ஒரே ஒரு தடவை திருப்ப வேண்டும். இப்படிச் செய்யத் தொடங்கியதும் உள்ளே வெந்தது, வெளியே பொன்னிறமாக மொறுமொறுத்தது. ஓரம் மட்டும் ஒவ்வொரு தடவையும் பிட்டுக்கொண்டு வந்தது. ஒன்றே ஒன்றையாவது முழுசாகச் சுட்டு மகன் வாயை அடைத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறியே வந்துவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் மாடிக்காரி வந்தாள். மேல்வீட்டில் இருப்பவள். அதே தொழிற்சாலை, ஆனால் முட்டை வரிசை.

"அண்ணே, என் ஃபிரிட்ஜு மண்டையப் போட்டுருச்சு. ரிப்பேர்காரன் நாளைக்குத்தான் வருவானாம். அதுவரைக்கும் இத உங்க ஃபிரீசர்ல வைங்கண்ணே."

கையில் மஞ்சள் கம்பி கட்டிய பை. மருமகள் ஓரடி தள்ளி நின்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டாள். மாடிக்காரி நல்லவள். அவசரத்துக்கு அவள் வீட்டுக் கதவைத் தட்டாதவர்கள் அந்தக் கட்டடத்திலேயே இல்லை.

"மாமா, மாறிடப் போகுது."

"எப்படிம்மா மாறும்? இடது பக்கம் நம்மது. வலது பக்கம் அவங்களுது."

"கம்பியப் பாருங்க மாமா. மஞ்சள்."

"லிஃப்டுக்காரனுக்கே இடது வலது சொல்லித் தர்றியா?" என்று சிரித்தார்.

அவர் அப்படித்தான் பழகியவர். லிஃப்டு ஓடுகிற குழியில் இருட்டாக இருக்கும், எழுத்தும் நிறமும் தெரியாது. கதவைப் பார்த்து நின்றால் இடது கைக்கு எது, வலது கைக்கு எது என்பதுதான் அங்கே கணக்கு. அந்தக் கணக்கு அவரை ஒருநாளும் கைவிட்டதில்லை. ஆனால் கதவைப் பார்த்து நிற்க வேண்டும்.

மறுநாள் காலையில் ஃபிரீசர் கதவு சரியாக மூடவில்லை. உள்ளே பனி சுவர் மாதிரி வளர்ந்திருந்தது. சும்மா இருக்கிற கைக்கு வேலை கிடைத்துவிட்டது. ஃபிரிட்ஜை அணைத்தார். மேலே இருந்த சாமான்களை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கூடையில் அள்ளி, குளியலறையில் வாஷிங் மெஷின் மேல் கொண்டுபோய் வைத்தார். பழைய பல்புகள், கத்தரிக்கோல், டார்ச் லைட், நீலப் பெட்டி.

இரண்டு பைகளையும் மேசைமேல் வைத்தார். இடதில் நம்முடையது, வலதில் மாடிக்காரியுடையது. உள்ளே வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. இப்படியே விட்டால் சுடும்போது பிரிக்க வராதே என்று இரண்டு கம்பிகளையும் அவிழ்த்தார், பைகளை மேசை விளிம்பில் மெல்லத் தட்டி, வட்டங்களைத் தனித்தனியாக விடுவித்தார். அதற்குள் ஃபிரிட்ஜிலிருந்து உருகிய தண்ணீர் மேசைக்கு அடியில் ஓடி மறுபக்கம் தேங்கிவிட்டது. துணியை எடுத்துக்கொண்டு சுற்றிப் போனார். துடைத்தார், பிழிந்தார், மறுபடியும் துடைத்தார். நிமிர்ந்தவர், நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டிப் பைகளைக் கட்டினார். இடது கைக்குப் பச்சை, வலது கைக்கு மஞ்சள்.

மேசைக்கு மறுபக்கம் நின்றுகொண்டு, கண்ணுகளா.

கைகள் வேலையை முடித்துவிட்டன. மனசு ஈரத் தரையில் இருந்தது. பைகளை உள்ளே வைத்தார், ஃபிரிட்ஜை ஓடவிட்டார். அது உறுமிக்கொண்டு மறுபடியும் குளிரத் தொடங்கியது. மத்தியானம் மாடிக்காரி வந்து, தன் ஃபிரிட்ஜு பிழைத்துக்கொண்டது என்று சொல்லி, மஞ்சள் கம்பிப் பையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். "நல்லாயிருப்பீங்கண்ணே" என்றாள்.

மாலையில் மருமகள் வேலை முடிந்து வந்தாள். குளிர் அறையில் நின்று நின்று சளி பிடித்திருந்தது. மூக்கு சிவந்து, குரல் கம்மிப்போயிருந்தது. எதையும் வாயில் வைக்குமுன் ஒரு தடவை மோந்து பார்ப்பது அவள் வழக்கம். அன்றைக்கு அவள் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை.

"பசிக்குது மாமா. சூடா எதாவது குடுங்க."

"நீ உக்காரும்மா. இதோ."

பச்சைக் கம்பியை அவிழ்த்தார். மூன்று வட்டங்கள், ஆளுக்கு ஒன்று. இளகவைக்கவில்லை, நேராக வாணலியில் வைத்து மூடினார். பக்கத்து அடுப்பில் வெங்காயம் வதங்கியது. அதன் வாசனை அடுப்படி முழுக்க நிறைந்திருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தபோது வட்டங்களைச் சுற்றி வெள்ளையாக ஒரு மெல்லிய நுரை கட்டியிருந்தது. இதுவரை அப்படி வந்ததில்லை. ஃபிரீசரைச் சுத்தம் செய்ததில் ஒட்டின பனித் தண்ணீராக இருக்கும் என்று நினைத்தார்.

ஓரம் பளபளத்தது. கரண்டியை அடியில் கொடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினார்.

உடையவில்லை.

இரண்டாவதைத் திருப்பினார். அதுவும் உடையவில்லை. மூன்றாவதும் அப்படியே, வார்த்தெடுத்த மாதிரி முழு வட்டமாகப் புரண்டு படுத்தது. கரண்டியில் ஒரு துணுக்குகூட ஒட்டவில்லை.

"டேய்! இங்க வந்து பாருடா!"

மகன் எட்டிப் பார்த்தான். "அப்பா, உண்மையச் சொல்லுங்க. கடையில வாங்கி எங்க மறைச்சு வச்சிருந்தீங்க?"

"போடா. ஃபிரீசர்ல இருந்த பனிதான் இத்தன நாளும் காலை வாரியிருக்கு. காலையில சுத்தம் பண்ணேன் பாரு, அதான்."

காரணமும் கிடைத்துவிட்டது அவருக்கு. பன்னை அதே வாணலியில் லேசாகச் சூடுகாட்டி, தக்காளியும் வதக்கிய வெங்காயமும் அடுக்கி, இரண்டு தட்டுகளை மேசைக்குக் கொண்டுபோனார். தன்னுடையதை அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு தட்டில் வைத்துவிட்டார். பிள்ளைகள் சாப்பிடுகிறதை முதலில் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை.

மருமகள் கடித்தாள். மென்றாள்.

"மூக்கடைப்புல ருசி தெரியல மாமா. ஆனா கடிக்க நல்லாயிருக்கு. அழுத்தமா இருக்கு."

"முழுசா இருக்கா?"

"முழுசா இருக்கு மாமா."

அவர் சிரித்தார். சிரித்த முகம் அப்படியே இருக்க, கண் மட்டும் மறுபடியும் அந்த வட்டத்தின் உடையாத ஓரத்துக்குப் போனது. அவர் தொழிலில் ஒன்று உண்டு. முனகுகிற லிஃப்டைக் கண்டு அவர் பயந்ததே இல்லை. பிரேக் பிடிக்கிற லிஃப்டு கொஞ்சமாவது முனகும். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால்தான் கருவிப் பையை எடுத்துக்கொண்டு ஓடுவார். இப்போது ஓடச் சொல்லிக் கால் கேட்டது. எதற்கு என்றுதான் தெரியவில்லை.

மருமகள் இன்னொரு வாய் கடித்தாள். தொண்டையைச் செருமினாள்.

"என்னம்மா?"

"கரகரங்குது. சளிதான். வெந்நீர் இருக்கா மாமா?"

வெந்நீர் கொடுத்தார். குடித்தாள். கழுத்தைச் சொறிந்துகொண்டே மறுபடியும் பன்னைக் கையில் எடுத்தாள்.

அப்போது கதவு தட்டுகிற சத்தம். மகன் போய்த் திறந்தான். மாடிக்காரி ஒரு தட்டோடு நின்றாள். தட்டில் பழுப்பாக, உதிரி உதிரியாக, கரண்டியால் கிளறின மாதிரி ஏதோ இருந்தது.

"அண்ணே, உங்க ஃபிரிட்ஜுல என்ன சூனியம் வச்சிருக்கீங்க? என் பர்கர் என்னிக்காவது உடைஞ்சு பாத்திருக்கீங்களா? ஒரு ராத்திரி உங்க வீட்டுல இருந்துட்டு வந்துச்சு, உங்க பர்கர் மாதிரியே உதிர்ந்து கொட்டுது!"

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, அப்பாவோட கைராசி அக்கா. இங்க இருந்தது அங்க போயிருச்சு."

இங்கிருந்தது அங்கே.

லிஃப்டுக்காரர் திரும்பி அடுப்படியைப் பார்த்தார். அவருடைய வட்டம் தட்டில் ஆறிப்போய்க் கிடந்தது. ஆறினால் அது இளகியிருக்க வேண்டும். போய் விரலால் அழுத்தினார். விரல் உள்ளே இறங்கவில்லை. அழுத்தின பள்ளம் மெல்ல எழுந்து, மறுபடியும் சமமானது.

காலையில் மேசைக்கு மறுபக்கம் நின்ற மனிதரை அவர் இப்போது இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார். அந்த மனிதரின் இடது கையில் பச்சைக் கம்பி இருந்தது; அந்தக் கைக்கு நேரே இருந்தது மாடிக்காரியின் பை.

"துப்பும்மா!"

அந்த வீட்டில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்ததே இல்லை. மருமகள் திடுக்கிட்டு வாயில் இருந்ததைத் துப்பினாள். ஆனால் அதற்கு முன் இரண்டு வாய் உள்ளே போயிருந்தது. அவள் நிமிர்ந்தபோது மூவரும் பார்த்தார்கள். கீழுதடு ஒரு பக்கமாகத் தடித்திருந்தது.

"முட்ட" என்றார் அவர். "பை மாறிப்போச்சு. முட்டடா!"

மகன் ஃபிரிட்ஜுக்கு ஓடினான். மேலே கையை வீசித் துழாவினான். வெறும் தகரம்.

"அப்பா, பெட்டி எங்க?"

எங்கே வைத்தோம் என்பது நினைவில் இருந்த இடத்தில் ஈரத் தரைதான் இருந்தது. தண்ணீர், துணி, பிழிகிற கை.

"அப்பா! பெட்டி!"

மருமகள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. வருஷக்கணக்காக மகன் கனவில் கேட்டுக்கொண்டிருந்த அதே விசில். மாடிக்காரி தட்டைக் கீழே போட்டுவிட்டு அவளைத் தாங்கிக்கொண்டு, "ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ்" என்று யாரிடம் என்றில்லாமல் கத்திக்கொண்டே தன் போனைத் தேடினாள்.

தரையைத் துடைத்த துணி குளியலறைக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவர் கால் தானாகப் போனது. வாஷிங் மெஷின் மேல் கூடை. பல்புகளை அள்ளி எறிந்தார். ஒன்று உடைந்தது. அடியில் நீலம்.

மகன் பிடுங்கி, மூடியைக் கழற்றி, அவள் தொடையில் குத்தி, அப்படியே அழுத்திப் பிடித்தான். "மூச்ச இழு. என்னப் பாரு. இழு."

அவள் இழுத்தாள். உள்ளே போனது கொஞ்சம்தான்.

லிஃப்டுக்காரர் அங்கே நிற்கவில்லை. வெளியே ஓடி லிஃப்டை வரவழைத்து, கதவு மூடாதபடி உடம்பைக் குறுக்கே கொடுத்து நின்றார். அவருக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். மகன் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து, உள்ளே சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். அந்தச் சின்ன அறைக்குள் நாலு பேரும் நெருங்கி நின்றார்கள். லிஃப்டு சத்தமில்லாமல் இறங்கியது. அவள் மூச்சின் விசில் மட்டும் நான்கு சுவரிலும் பட்டுப் பட்டுத் திரும்பியது. மாடிக்குமாடி அது மெலிந்துகொண்டே வந்தது. நன்றாகிறதா, நின்றுபோகிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவைப் பார்த்து நின்றால் இடது கைக்கு மருமகள், வலது கைக்கு மகன். அதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார்.

பிழைத்துக்கொண்டாள், கண்ணுகளா. பிழைத்துக்கொண்டாள். மூச்சை விடுங்கள். அந்த ஊசி பிடித்துவைத்த நேரத்துக்குள், மாடிக்காரி போனில் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். மகன் கையெடுத்துக் கும்பிட்டதும் நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு பைகளையும் வீசினார்கள். வாணலியையும் வீசினார்கள். மாடிக்காரி அழுதுகொண்டே வந்து மேசையையும் அடுப்பையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனாள். லிஃப்டுக்காரர் அடுப்படிப் பக்கமே போகவில்லை. சாப்பாடு கடையிலிருந்து வந்தது. யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பார். விரல்கள் மட்டும் எந்நேரமும் மேசைமேல் எதையோ அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தன.

ஒருநாள் மாலை மருமகள் வேலையிலிருந்து நேராக அடுப்படிக்குப் போனாள். புது வாணலி. புதுப் பை. பச்சைக் கம்பியை அவிழ்க்காமல் அவர்முன் நீட்டினாள்.

"பசிக்குது மாமா."

"வேண்டாம்மா. என் கையால வேண்டாம்."

"நானே என் கையால கட்டினது மாமா. வழியில எங்கயும் கீழ வைக்கல. சுடுங்க."

அவர் எழுந்தார். ஃபிரீசர் குளிர் மாறாத வட்டத்தை வாணலியில் வைத்தார், மூடினார். இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்தபடி நின்றார்கள். நுரை வரவில்லை. ஓரம் பளபளத்தது. கரண்டியை அடியில் கொடுத்துத் திருப்பினார். ஓரம் பிட்டுக்கொண்டு தனியாக விழுந்தது.

"உடைஞ்சிருச்சும்மா" என்றார். குரலும் உடைந்திருந்தது.

"அப்பாடா" என்றாள் அவள். "குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. தட்டில் வைத்து, அது ஆறும்வரை காத்திருந்தார். நன்றாக ஆறியதும் விரலால் அழுத்தினார். விரல் மெத்தென்று உள்ளே இறங்கியது, பள்ளம் பள்ளமாகவே இருந்தது. அதற்குப் பிறகுதான் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

அந்த வீட்டில் அதன்பிறகு பர்கரைச் சூடாக யாரும் சாப்பிட்டதில்லை. ஆறிப்போய், தொளதொளத்து, நடுவில் ஒரு விரல் தடத்தோடுதான் தட்டுக்கு வரும். மகன்கூடக் கேலி செய்வதில்லை. ஸ்பூனை எடுத்துக்கொண்டு உட்காருவான். அவர் அடுப்புமேல் குனியும்போதெல்லாம் சட்டைப் பையில், புது ஊசி வைத்த நீலப் பெட்டி லேசாகக் குலுங்குகிற சத்தம் கேட்கும். அவள் முதல் வாயை விழுங்கி, இரண்டாவது வாயை விழுங்கி, தட்டைக் காலி செய்து, எழுந்துபோய்க் கை கழுவி வரும்வரை அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் பார்க்கட்டும் என்று அவளும் விட்டுவிடுவாள்.